விளிம்பில் சிறு சேதம்

ஏலம் என்ற சொல் போர்த்துகீசியர்கள் நமக்கு விட்டுப்போனது. மேசை, அலமாரி, சாவி, கோப்பை எல்லாமும் அப்படித்தான். பீங்கான் என்பது பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்து சேர்ந்தது. ஒரு மேசையை விரித்து, அதன்மேல் பீங்கான் தட்டுகளைப் பரப்பி, மிச்சத்தை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கடைசியில் ஒருநாள் எல்லாவற்றையும் ஏலம் விடுகிற ஒரு முழு வாழ்க்கையைத் தமிழில் சொல்ல வேண்டுமானால் இரவல் சொற்களில்தான் சொல்லியாக வேண்டும். எச்சில், பத்து, கழுவுதல், தேய்த்தல், துடைத்தல் இவற்றுக்கு மட்டும் சொந்தச் சொற்கள் தாராளமாக இருந்திருக்கின்றன. இந்தப் பங்கீட்டைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

என் முன்னால் இருப்பது ஒரு பட்டியல் தாள். ஆழ்வார்பேட்டையில் அடுக்குமாடிக்காக இடிக்கப்படவிருந்த ஒரு பழைய வக்கீல் வீட்டின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது கொடுத்தார்கள். தேக்கு அலமாரி, பெல்ஜியம் கண்ணாடி, சாய்வு நாற்காலி என்று போகிற அந்தத் தாளில் ஒரு வரி: 'பிரெஞ்சுப் பீங்கான், லிமோஜ், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. விருந்துத் தட்டுத் தொகுதி, 64 உருப்படி. தங்க விளிம்பு. அடியில் பச்சை முத்திரை. இரண்டு தட்டுகளின் விளிம்பில் சிறு சேதம்.' இந்த ஐந்து வாக்கியங்களையும் ஒரு வரலாற்றுப் பிரதியாக வாசிக்க முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஏலக்காரர்களின் சொல்லாடலில் பழம்பொருளுக்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு. யார் செய்தது, யார் வாங்கியது, யாரிடமிருந்து யாருக்குப் போனது. பெயர்கள் பெரிதாக ஆக விலையும் பெரிதாகும். அதாவது உடைமையாளர்களின் வம்சாவளியே பொருளின் வரலாறு. அதைத் தொட்டவர்கள், தூக்கியவர்கள், கழுவியவர்கள் அந்த வம்சாவளியில் வரமாட்டார்கள். அர்ஜுன் அப்பாதுரை தொகுத்து 1986இல் வெளிவந்த 'பொருள்களின் சமூக வாழ்வு' நூலில் இகோர் கோபிடாஃப் எழுதிய கட்டுரையொன்று, மனிதர்களுக்கு இருப்பதுபோலப் பொருள்களுக்கும் ஒரு வாழ்க்கை வரலாறு உண்டு என்று வாதிடுகிறது. அதில் கவனிக்க வேண்டியது, அவர் தன் வாதத்தைத் தொடங்குவது அடிமையை வைத்து. விற்கப்பட்ட மனிதனிலிருந்து தொடங்கித்தான் விற்கப்படும் பொருளுக்கு வருகிறார். நம்மூரில் அந்தக் கட்டுரையைச் சிலாகிப்பவர்கள் இந்தத் தொடக்கத்தைச் சௌகரியமாகத் தாண்டிக்கொண்டு, பொருளின் அழகியலுக்குப் போய்விடுகிறார்கள்.

முதலில் அந்த லிமோஜுக்குப் போவோம். சீனாவிலிருந்து வந்த வெள்ளைப் பாத்திரங்களைப் பார்த்து ஐரோப்பா முழுதும் ஏங்கிக் கிடந்த காலம் ஒன்று உண்டு. மண்ணின் ரகசியம் தெரியவில்லை. வென்சேனில் 1740இல் தொடங்கி, 1756இல் செவ்ருக்கு மாறி, 1759இல் பதினைந்தாம் லூயியின் சொந்தச் சொத்தாகவே ஆகிவிட்ட அரச ஆலைகூட ஆரம்பத்தில் செய்தது ஒருவிதப் போலிப் பீங்கான்தான். அழகுதான், ஆனால் சூட்டுக்கு நொறுங்கும், கத்தி பட்டால் கீறும். அசல் பீங்கானுக்கு வேண்டிய வெண்களிமண் 1768 வாக்கில் லிமோஜுக்குப் பக்கத்தில் செந்திரியே என்ற ஊரில் கிடைத்தது. கண்டுபிடித்தவர் என்று பெயர் பெற்றவர் அந்த ஊர் அறுவை வைத்தியர் தார்னே. ஆனால் ஊரில் சொல்லப்படும் கதை வேறு. அவருடைய மனைவிதான் சோப்புக்குப் பதிலாக அந்த வெள்ளை மண்ணைப் போட்டுத் துணி வெளுத்துப் பார்த்தாராம். கணவர் அதை எடுத்துப் போய் மருந்துக்கடைக்காரரிடம் காட்டினாராம். எவ்வளவு உண்மையோ தெரியாது, ஆனால் எனக்கு இந்தக் கதையை விட மனசில்லை. நம் வண்ணார்கள் உவர்மண் எடுத்து வெளுத்த மரபு தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. எந்த மண் எதைச் செய்யும் என்பது துவைக்கிற கைக்குத்தான் முதலில் தெரியும். புத்தகத்தில் ஏறுவது வைத்தியர் பெயர்.

1771இல் லிமோஜில் ஆலை வந்தது. அடுத்த நூற்றாண்டில் அது ஊர் முழுதும் சூளையாக ஆயிற்று. 1842இல் அங்கே குடியேறிய டேவிட் ஹவிலாண்ட் என்ற அமெரிக்க வியாபாரி கடல் தாண்டிய சந்தைக்கென்றே தட்டு செய்து அனுப்பினார். ஏறத்தாழ 1400 டிகிரி வெப்பத்தில் வெந்த கெட்டித் தட்டு. ராஜா வீட்டுப் பொருள் வக்கீல் வீட்டுப் பொருளானது இப்படித்தான்.

செவ்ர் தட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்னிப் பிணைந்த இரண்டு 'எல்' எழுத்துக்கள் இருக்கும். நடுவில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து, 1753இல் 'ஏ' என்று தொடங்கி. பக்கத்தில் பூ வரைந்தவரின் குறி, தங்கம் பூசியவரின் குறி. ஆளுக்கொரு புள்ளி, கோடு, நட்சத்திரம், முதலெழுத்து. வேலையைக் கணக்கெடுக்கவும் தப்பு வந்தால் ஆளைப் பிடிக்கவும் உதவுகிற நிர்வாக ஏற்பாடு இது. கண்காணிப்பின் தடயம் என்று பூக்கோ வாசகர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். சரிதான். ஆனாலும் அந்தக் கண்காணிப்பின் தயவில் பதினெட்டாம் நூற்றாண்டுத் தொழிலாளி ஒருவரின் கைக்குறி இன்றைக்கும் தட்டின் அடியில் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் அதை வைத்து ஆளை அடையாளம் காண்கிறார்கள். நம் கதையில் வரப்போகிறவர்களுக்கு அந்தக் கண்காணிப்பு மிச்சம்கூடக் கிடையாது.

இந்தப் பீங்கான் நம் பக்கம் வந்த முக்கியமான பயணம் ஒன்று புதுச்சேரியிலிருந்து தொடங்குகிறது. 1787இல் திப்பு சுல்தானின் தூதர்கள் முகம்மது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முகம்மது உஸ்மான் கான் மூவரும் அங்கே கப்பலேறினார்கள். 1788 ஆகஸ்டில் வெர்சாயில் பதினாறாம் லூயியைச் சந்தித்தார்கள். கேட்டது ஆங்கிலேயருக்கு எதிரான படை உதவி. கூடவே ஆட்களையும் கேட்டார் திப்பு. பீரங்கி வார்ப்பவர், கடிகாரம் செய்பவர், கண்ணாடி ஊதுபவர், பீங்கான் செய்பவர். படை கிடைக்கவில்லை. கைவினைஞர் சிலரும் செவ்ர் பீங்கான் பரிசுகளும் கிடைத்தன. ஸ்ரீரங்கப்பட்டினத்துப் பீங்கான் என்று ஒன்று உருவாகவில்லை. திப்புவை நவீனத்துவ நாயகனாகத் தூக்கிவைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய அரசிலும் கைவினைஞன் அரசனின் உடைமைதான். ஆனால் தட்டைக் கேட்பதற்கும் தட்டுச் செய்கிறவனைக் கேட்பதற்கும் இடையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பிற்காலத்து வக்கீல்களும் ஜமீன்தார்களும் அந்த வித்தியாசத்தை யோசித்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்குத் தட்டு போதும். இத்தனைக்கும் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே நெய்வேலி, விருத்தாசலம் பகுதி மண்ணில் வெண்களிமண் கிடந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வருவதற்கு இருபதாம் நூற்றாண்டு ஆகவேண்டியிருந்தது.

பரிசு கொடுத்தவர், வாங்கியவர் இருவர் வீடும் பதினோரு ஆண்டுகளுக்குள் ஏலத்துக்கு வந்தன. வெர்சாய் மாளிகையின் சாமான்களைப் புரட்சி அரசு 1793 ஆகஸ்டிலிருந்து 1794 ஆகஸ்ட் வரை ஏலம் விட்டது. மொத்தம் 17,182 ஏலத் தொகுதிகள். லூயி தனக்கென்று 1783இல் செவ்ரில் செய்யச் சொன்ன விருந்துத் தொகுதி முடிவதற்குள் அவர் தலையே போய்விட்டது. செய்து முடித்தவரைக்கும் உள்ளதை 1811இல் வாங்கியவர் பின்னால் நான்காம் ஜார்ஜ் ஆன பிரிட்டிஷ் இளவரசர். இன்னமும் அது பிரிட்டிஷ் அரச சேகரிப்பில்தான் இருக்கிறது. இங்கே, 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தது. அரண்மனையின் நகை, துணி, ஆயுதம், வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் கொள்ளைப் பங்கு முகவர்கள் கணக்கெழுதி ஏலம் போட்டார்கள். சிம்மாசனத்தை வாங்க ஆளில்லை என்று உடைத்துத் துண்டு துண்டாக விற்றார்கள். மொத்தப் பங்கு சுமார் 11 லட்சத்து 43 ஆயிரம் பவுன். அதில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 1,43,000 பவுன், தளபதி ஹாரிஸுக்கு. சென்னை ராணுவத்தின் தமிழ், தெலுங்குச் சிப்பாய்களுக்கு ஆளுக்குச் சில பவுன். வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்ட திப்புவின் பிள்ளைகள் 1806 எழுச்சிவரை அங்கே காவலில் இருந்தார்கள்.

ஏலம் அத்தோடு நிற்கவில்லை. தூதர் தர்வேஷ் கானை விஜே லெப்ரன் என்ற ஓவியை பாரிஸில் 1788இல் வரைந்த படம், 2019 ஜனவரியில் நியூயார்க்கில் சாதபீஸ் ஏலத்தில் 70 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. திப்புவின் படுக்கையறை வாள் 2023 மே மாதம் லண்டன் பான்ஹாம்ஸில் 1 கோடியே 40 லட்சம் பவுன். கொள்ளை என்பது பட்டியலில் ஏறியதும் 'பூர்வோத்தரம்' ஆகிவிடுகிறது. எந்த ஆண்டு யார் கொள்ளையடித்தார் என்று தெளிவாக இருந்தால் விலை கூடும்.

சரி, நம் தெருவுக்கு வருவோம். மவுபரிஸ் ரோடு, எல்டாம்ஸ் ரோடு, முர்ரேஸ் கேட் ரோடு என்று ஆழ்வார்பேட்டையின் தெருப் பெயர்களே ஒரு பழைய விருந்தாளிப் பட்டியல் போலத்தான் இருக்கும். ஜார்ஜ் மவுபரே பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அடையாற்றங்கரையில் கட்டிய தோட்ட வீட்டில் இன்று மெட்ராஸ் கிளப் இருக்கிறது. அவர் பெயர் கொண்ட சாலை டி.டி.கே. சாலை ஆகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வெள்ளைக்காரர் கைவிட்ட தோட்ட வீடுகளையும் அவற்றைப் பார்த்துக் கட்டிய புது வீடுகளையும் மயிலாப்பூர், லஸ், ஆழ்வார்பேட்டை வட்டாரத்து வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் எடுத்துக்கொண்டார்கள். அரசியல் அதிகாரத்தை வெள்ளைக்காரனோடு பங்குபோட வேண்டுமென்றால் அவனோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், குறைந்தபட்சம் அவனைச் சாப்பிட வைக்கவாவது வேண்டும். அதற்குத்தான் இந்த 64 உருப்படி.

இங்கேதான் பீங்கான் நம் சாதி அமைப்பில் ஒரு விசித்திரமான சங்கடத்தை உண்டாக்கிற்று. நம் தீட்டுச் சாஸ்திரம் பாத்திரங்களை வகைப்படுத்தி வைத்திருக்கிறது. வெண்கலம், பித்தளை, செம்பு தீட்டுப்பட்டால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும். மண்சட்டி எச்சிலை உறிஞ்சிவிடும். தூக்கி எறிய வேண்டும். வாழையிலையில் சிக்கலே இல்லை, அது தின்று முடித்ததும் குப்பை. பீங்கான் எதில் சேர்த்தி? மண்தான், ஆனால் உறிஞ்சாது. கழுவினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், ஆனால் உலோகம் இல்லை. ஆசாரமான வீடுகள் கண்ட தீர்வு எளிமையானது. பீங்கான் சமையலறைக்குள் நுழையாது. முன்கூடத்து அலமாரியில் பார்வைக்கு இருக்கும், வெள்ளைக்காரன் வந்தால் மேசைக்கு வரும், கொல்லைப்பக்கம் போய்க் கழுவப்பட்டுத் திரும்ப அலமாரிக்குப் போகும். வீட்டுக்காரர்களுக்கு உள்ளே இலை. பீங்கானில் எலும்புச் சாம்பல் கலக்கிறார்கள் என்று ஒரு பேச்சும் உண்டு. அது இங்கிலீஷ் பீங்கானுக்குத்தான் பொருந்தும், லிமோஜ் தட்டில் எலும்பு கிடையாது. ஆனால் இந்த வித்தியாசத்தையெல்லாம் அடுக்களையில் யார் விசாரித்தார்கள்?

தட்டைத் தொடுவதற்கும் ஆள் வேண்டுமே. மாட்டிறைச்சியும் எச்சிலும் புழங்குகிற வெள்ளைக்கார மேசைக்குச் சாதி இந்துக்கள் வரத் தயங்கிய இடத்தில், சென்னையில் பட்லராகவும் சமையல்காரராகவும் ஆயாவாகவும் போனவர்களில் பெரும்பகுதி பறையர்கள். அவர்கள் பேசிய இங்கிலீஷைக் கேலி செய்து 'பட்லர் இங்கிலீஷ்' என்றார்கள். ஹூகோ ஷுக்கார்ட் என்ற மொழியியலாளர் 1891இல் அதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். கேலி செய்தவர்களின் இங்கிலீஷை யாரும் ஆராயவில்லை. விருந்து நடக்கும்போது இந்திய வீடுகளும் இந்த மேசைப் பழக்கம் தெரிந்த கைகளையே கூலிக்கு அழைத்தன. எந்தக் கத்தி எந்தப் பக்கம், சூப்புத் தட்டு எப்போது எடுக்கப்பட வேண்டும் என்பது எஜமானுக்குத் தெரியாது, பட்லருக்குத் தெரியும். ருசியும் நாகரிகமும் மேலேயிருந்து கீழே வழிகின்றன என்று பூர்தியுவை மேலோட்டமாகப் படித்துவிட்டுச் சொல்கிறவர்களுக்கு இந்தச் சென்னை விஷயம் கொஞ்சம் தொந்தரவு கொடுக்கும். மேசை நாகரிகத்தின் முழு ஞானமும் இங்கே தொடக்கூடாதவர்களின் கையில் இருந்தது.

1924-25இல் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பையன்களுக்குத் தனிப்பந்தி போட்டதற்காகத் தமிழ்நாட்டுக் காங்கிரசே இரண்டுபட்டது. சுயமரியாதை இயக்கம் பந்தியை அரசியலாக்கியது. ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணர், மற்றவர் என்றிருந்த பிரிவு 1941இல் போயிற்று. இரட்டைக் குவளை பற்றி நாம் எழுதுகிறோம், போராடுகிறோம். சரியே. ஆனால் டீக்கடையின் கண்ணாடிக் குவளையையும் தேங்காய்ச் சிரட்டையையும் பார்த்த கண், ஆழ்வார்பேட்டையின் அலமாரியைப் பார்க்கவில்லை என்பது என் குற்றச்சாட்டு. கிராமத்துச் சாதி அநாகரிகம், நகரத்துப் பீங்கான் பண்பாடு என்று நாமும் ஒப்புக்கொண்டு விட்டோமோ?

அந்த வீட்டில் வேலை செய்த ஒரு அம்மாவை, ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றுவதற்கு எதிராக வேலை செய்யும் நண்பர் ஒருவர் மூலம் பார்த்தேன். இப்போது கண்ணகி நகரில் இருக்கிறார். எழுபது வயசு இருக்கும். அவருடைய அம்மாவும் அதே வீட்டில்தான் வேலை செய்தவர். பட்டியல் தாளில் இருந்த வரியைப் படித்துக் காட்டினேன். லிமோஜ் அவருக்குப் புரியவில்லை. 'ரெண்டு தட்டு' என்றதும் சிரித்தார்.

"ஒண்ணு நான் பண்ணது, தம்பி. வருசத்துக்கு ரெண்டு தபா எல்லாத்தையும் எறக்கிக் கழுவணும். ஒண்ணு மேல ஒண்ணு வெக்கக்கூடாது, நடுவுல துணி போடணும். கைல சோப்பு. கொழாய்ல பட்டுடுச்சி, டிங்குனு ஒரு சத்தம். எனக்கு ஒண்ணும் தெரியல, சின்னப் பொண்ணு. எங்கம்மாவுக்குத்தான் ஒடம்பெல்லாம் நடுங்கிப் போச்சி."

"அப்புறம்?"

"அந்த மாசம் சம்பளம் இல்ல. இன்னொரு தட்டு எங்கம்மா காலத்துது. அதுக்கும் புடிச்சாங்களாம்."

அந்தத் தட்டில் சாப்பிட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வியில்லை, பதில் தெரிந்த கேள்வி. "எங்களுக்கு அலுமினியத் தட்டு தனியா இருக்கும். மாட்டுக்கொட்டா எரவானத்துல சொருகி வெப்போம். நாங்களே கழுவி நாங்களே சொருகணும்" என்றார். குரலில் புகார் எதுவும் இல்லை. அலமாரிக்குள் தட்டு எந்த வரிசையில் இருந்தது, எந்தத் தட்டில் தங்கக் கோடு மங்கியிருந்தது என்று கடகடவென்று சொன்னார். ஏலக்காரரின் தாளில் அவ்வளவு விவரம் கிடையாது.

'இரண்டு தட்டுகளின் விளிம்பில் சிறு சேதம்.' ஐந்து வாக்கியங்களில் இந்த ஒரு வாக்கியத்தில்தான் அம்மாவும் மகளும் இருக்கிறார்கள். மற்ற 62 உருப்படிகளை உடையாமல் காப்பாற்றிய இரண்டு தலைமுறை உழைப்பு 'நல்ல நிலை' என்ற கணக்கில் உடைமையாளருக்குப் போய்விட்டது. சேதத்துக்கு மட்டும் அவர்கள் பொறுப்பு. அதற்குச் சம்பளத்தில் பிடித்தாயிற்று, பிறகு ஏலத்தில் விலையிலும் கழித்தாயிற்று.

சட்டத்திலும் இதே பார்வைதான். 1972இல் இயற்றி 1976இல் அமலுக்கு வந்த தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய கலைப்பொருளை அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. பிரான்சில் செய்த தட்டுக்கும் இது பொருந்தும். உள்ளூரில் கைமாறுவதற்குத் தடையில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் போய்ப் பாருங்கள். பர்மாவை 1942இல் இழந்த பிறகு சரிந்த செட்டிநாட்டு வீடுகளின் பீங்கானும் எனாமல் தட்டும் அடுக்கி வைத்திருப்பார்கள்.

உடைத்தவர்களுக்கு வரலாற்றில் இடம் கிடைப்பது பற்றி இன்னொன்று. கம்பெனி காலத்தில் வெள்ளைக்காரர் செத்துப்போனால் சாமான்களை உடனே ஏலம் போடுவது சென்னை வழக்கம். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே எழுதிய எல்லிஸ் 1819இல் ராமநாதபுரத்தில் இறந்தார். அவருடைய உடைமைகள் ஏலத்தில் அற்ப விலைக்குப் போயின. ஆய்வுத்தாள்கள் அழிந்தது பற்றி வால்டர் எலியட் பின்னால் பதிவு செய்தது நம் ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் வருத்தத்தோடு திருப்பிச் சொல்கிற செய்தி: மதுரையிலிருந்த பெட்ரி என்ற அதிகாரியின் சமையல்காரன் மாதக்கணக்கில் அந்தத் தாள்களை அடுப்பு மூட்டவும் கோழி பொசுக்கவும் எரித்தானாம். தாள்களைக் கவனியாமல் விட்ட கம்பெனி அதிகாரிகள் பேச்சில் வருவதில்லை. பெட்ரிக்குப் பெயர் இருக்கிறது. எரித்தவன் வெறும் சமையல்காரன். விளிம்பில் சேதம் என்பதுபோலத்தான் இதுவும்.

அதே எல்லிஸுக்குத் திருக்குறள் ஓலைச்சுவடி போய்ச் சேர்ந்தது எப்படி? ஆரிங்டன் துரையின் வீட்டில் பட்லராக இருந்த கந்தப்பன் தன் வீட்டுச் சுவடிகளைத் துரையிடம் கொடுத்து, துரை மூலம் அது எல்லிஸ் கைக்குப் போனது. மேசையில் தட்டு வைத்து எடுத்த கையில்தான் குறளும் இருந்திருக்கிறது. இந்தக் கந்தப்பனுக்கு எந்தக் கம்பெனி ஆவணத்தின் தயவாலும் நம்மிடையே பெயர் நிற்கவில்லை. அவருடைய பேரன் அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்கியவர். பாட்டனாரின் பெயரையும் அவர் பார்த்த வேலையையும் சேர்த்தே அவர் எழுதிவைத்தார்.